கொட்டகைக்கு வரி இல்லை

ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்த வீட்டை, மாட்டுக் கொட்டகை என்று நகராட்சி ஆளிடம் சொன்னவன் நான். அப்போது கள்ளக்குறிச்சியில் அரசுப் பள்ளி ஒன்றில் பொருளியல் ஆசிரியராக இருந்தேன். வரி செலுத்துவது குடிமக்களின் கடமை என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டவன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது டெக்சாஸில், மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே வசந்தம் வந்தால் பூவோடு ஒரு தபாலும் வரும். உங்கள் வீடு சந்தையில் இன்ன விலை போகும் என்று மதிப்பீட்டு அலுவலகம் எழுதியிருக்கும். நாம் விற்கவும் இல்லை, யாரும் வாங்கக் கேட்கவும் இல்லை. விலை மட்டும் வந்துவிடும். அந்த விலையில் இத்தனை சதவீதம் என்று வரி. பள்ளிக்கூடம் நடப்பதும் தெருவிளக்கு எரிவதும் அதில்தான். ஆகவே வீட்டு விலை ஏறினால் தெருவே துக்கம் காக்கிறது. குளிர்காலம் முழுக்க “நம்ம ஏரியா எங்கேயோ போயிடுச்சு அங்கிள்” என்று பூரித்த எதிர்வீட்டுக்காரர், தபால் வந்த மறுநாள் ஏணி போட்டு ஏறித் தன் கூரையின் ஓட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மதிப்பு அதிகம் என்று முறையிட்டால் விசாரித்துக் குறைப்பார்களாம். புதுமனை புகுவிழாவில் குளியலறை வரை சுற்றிக்காட்டிய வீட்டை, ஓர் அதிகாரியின் முன் உட்கார்ந்து ஒன்றுக்கும் உதவாது என்று சாதிக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொந்த மகளையே குறைசொல்லும் தகப்பனைப் போல.

நம் ஊர்க் கணக்கு வேறு. தனி மாவட்டமான பிறகு கள்ளக்குறிச்சியில் மனை விலை தாறுமாறாக ஏறியது. வீட்டு வரியின் காதில் அது விழவே இல்லை. அங்கே பார்ப்பது எத்தனை சதுர அடி, எந்தத் தெரு, ஓட்டு வீடா, தளம் போட்டதா, நாமே இருக்கிறோமா, வாடகைக்கு விட்டிருக்கிறோமா என்பதைத்தான். வாடகைக்கு என்றால் வரி கூடும். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் வழுக்கினேன்.

என் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு ஷீட் போட்ட இரண்டு அறை இருந்தது. வெள்ளிமலையிலிருந்து சித்தாள் வேலைக்கு இறங்கி வந்த ராசாத்தி அதில் வாடகைக்கு இருந்தாள். அளக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “பின்னால இன்னா சார் அது?”

“மாட்டுக் கொட்டகைங்க.”

உள்ளேயிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார், என்னைப் பார்த்தார், காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கொட்டகைக்கு வரி இல்லை. வரி இல்லாததால் கதவு எண் இல்லை. கதவு எண் இல்லாத இடத்தில் குடியிருப்பவளுக்கு முகவரி இல்லை. வாடகை ஒப்பந்தமாவது எழுதித் தரச் சொல்லி ராசாத்தி இரண்டு முறை கேட்டாள். எழுதினால் என் பொய் வெளிப்படும் என்று தட்டிக்கழித்தேன். அவளுடைய ரேஷன் கார்டு மலையிலேயே கிடந்தது. மாதா மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மலைப்பாதை பஸ்ஸில் வெள்ளிமலைக்கு ஏறி அரிசி வாங்கிவந்தாள்.

கொட்டகை என்று நான் சொன்னதை உள்ளேயிருந்து கேட்டிருந்தும் அவள் சண்டை போடவில்லை. வாடகைக்குப் போய் நின்றால் மட்டும், “மாட்டுக்கிட்ட இன்னா சார் வாடகை? சொம்பு எடுத்தாங்க, கறந்துக்கினு போலாம்” என்பாள். பிள்ளைகள் இரண்டும் “ம்மா” என்று கத்தும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டால் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை என்று நம்புவது வசதியாக இருந்தது.

மனைவி இறந்த பின் முன்வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தேன். மகன் தோட்டத்தின் பின்பக்கம், குளியலறையோடு ஓர் அறை கட்டி என்னைக் குடிவைத்தான். பாசத்தோடுதான். போன வருஷம் வீட்டு மதிப்பு எகிறியதும் அவனும் முறையிட்டான். துணைக்கு என்னையும் அழைத்துப்போனான். அதிகாரி வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் காட்டி, “பின்னால் தெரிகிற இது என்ன?” என்றார்.

“ஷெட். தோட்டச் சாமான் வைப்பது” என்றான் மகன்.

எனக்குக் கடுகு வாசனை வந்தது. அதிகாரி மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, “நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள், சார்?” என்றார்.

“அந்த ஷெட்டில்தான்.”

அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிழவர் நல்ல தமாஷ் பேர்வழி என்று மகனிடம் சொல்லிவிட்டு மதிப்பையும் குறைத்தார். காரில் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபமும் இல்லை. யாரிடம் கற்றான்!

அடுத்து வந்த தை மாதமே ஊருக்குப் போனேன். பின்வீட்டுக்குத் தனியாக வரி போடச் சொல்லி மனுக் கொடுத்தேன். அளக்க வந்த இளைஞர் நம்பவில்லை. “வரியைக் கம்மி பண்ணுங்கனுதான் வருவாங்க. நீங்க இன்னா சார், தேடி வந்து ஏத்திக்கினு போறீங்க?”

“எழுதுங்க தம்பி. இது வீடு. ஆள் குடியிருக்காங்க.”

வாசலில் நின்ற ராசாத்தி, “பசு ஒண்ணுனு எழுதிடப் போறாரு, பாத்துக்கங்க சார்” என்றாள். தலை நரைத்திருந்தது. வாடகை ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தேன். கதவுக்கு மேல் பெயிண்டில் எண் எழுதினார்கள். சில மாதங்களில் ரேஷன் கார்டும் இந்த முகவரிக்கு மாறியது. கார்டில் அவள் பெயர் மட்டும்தான். பிள்ளைகள் திருப்பூரில் குடும்பமாகிவிட்டார்கள். மலை அரிசியிலேயே வளர்ந்து முடித்துவிட்டார்கள்.

போன வாரம் போன் செய்தாள்.

“சார், நகராட்சிலேர்ந்து ஆளு வந்தாரு. உங்க பேரச் சொல்லி, இவரு இங்கதான் கீறாரானு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“இந்த வூட்ல அப்படி ஆரும் இல்லீங்க, நான்தான் கீறேன்னேன். தப்பா சார்?”

“சரியாத்தான் சொல்லியிருக்கம்மா” என்றேன். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, நான் குடியிருக்கும் அறையைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல வெள்ளைப் பூச்சு, பித்தளைக் கைப்பிடி. கதவுக்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.