அவரைக்காய் உரித்தவர்கள் முன்னால் என் முதல் வகுப்பு

மருத்துவமனை நர்சிங் பள்ளியின் பிரின்சிபால் மேடம் கூப்பிடுகிறார் என்றதும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சாவிக்கொத்து இருந்தது. மருந்து அலமாரி? பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். வேறென்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

தொண்ணூறுகளில் மைசூர் மனநல மருத்துவமனை ஒன்றில், பெண்கள் வார்டு நர்ஸ் நான்.

"டியூட்டர் பிரசவ லீவுல போறாங்க. வார்டு பிராக்டிகல் வகுப்பை நீங்க எடுங்க," என்றார் மேடம்.

"நான் பத்தாவதோட நின்னவ மேடம். அப்புறம் நர்ஸ் டிரெயினிங் மட்டுந்தான்."

"ஆறு வருஷமா வார்டுல இருக்கீங்கல்ல? முதல் வகுப்புக்கு நான் வந்து உக்காருவேன். சரியா வந்தா நீங்களே தொடருங்க. இல்லேன்னா பேடா, வேண்டாம், வேற ஆள் பார்ப்போம்."

எனக்கும் ஆசைதான். அதனால்தான் பயம் கூடிப்போயிற்று.

நாலு நாள் மத்தியானம் வார்டிலேயே ஒத்திகை பார்த்தேன். சமையலறைக்கு வந்த அவரைக்காயைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் என் மாணவிகள். தலைப்பு, நோயாளி பேசுவதைக் கேட்பது எப்படி. பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நாலாம் நாள், கர்நாடகத்திலேயே தமிழ் பேசும் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்து சிகிச்சையில் இருந்த செல்வியக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) உரிப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்க சிஸ்டர், கேக்கோணும் கேக்கோணும்னு நீங்களேதான் பேசிட்டு இருக்கறீங்க. அந்த நோயாளி எப்பத்தான் பேசறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன். பயந்தவளுக்குத் தெரிந்தது அதுதான்.

வகுப்பில் இருபது பேர். கடைசி பெஞ்சில் மேடம். குட்மார்னிங் சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை. கை நடுங்கியதில் எழுத்தே தெரியவில்லை. தாள்களை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

முன் பெஞ்சில் இருந்த, மார்டள்ளிப் பக்கத்து ஹனூர்ப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "சிஸ்டர், பயமா இருக்குங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வியக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா. உனக்கு?"

"நாளைக்கு வார்டுக்குப் போகோணும்னாலே பயந்தானுங்க. அடிச்சுப்போட்டாங்கன்னா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அடக்கிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்: "எங்க சித்தப்பாக்கும் இந்த மாதிரி மனசு சரியில்லீங்க. அவர் யாரையும் அடிச்சதில்ல. நாந்தான் கிட்டவே போகல."

பக்கத்தில் இருந்தவள் தன் பயத்தைச் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

"பாடம் ஒண்ணும் நடத்தலையே நீங்க," என்றார் மேடம். எனக்கு உயிர் போய் வந்தது. "ஆனா அந்தப் பொண்ணு இங்க சேர்ந்ததிலிருந்து இன்னிக்குத்தான் வாயத் திறந்திருக்கா. திங்கக்கிழமையும் வாங்க."

வார்டுக்கு ஓடினேன்.

"எழுதி வெச்ச பக்கமெல்லாம் என்னாச்சுங்க?" என்றார் செல்வியக்கா.

"பதினாலு பக்கத்துல ஒண்ணுகூடப் படிக்கலக்கா."

"அப்ப நீங்க பாஸு. உக்காருங்க, இன்னும் ஒரு கூடை கெடக்குது."

அதன்பிறகு பல வருஷம் வகுப்பெடுத்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கை நடுங்கினால் நடுங்கட்டும். பதினாலு பக்கம் எழுதாமல் தூக்கம் வராதென்றால் எழுதுங்கள், நானும் இன்னும் எழுதுகிறேன். வகுப்புக்குள் போனதும் அதை மேசையில் வைத்துவிடுங்கள்.