யூ-டர்ன் அண்ணனுக்கு ஒரு ஹெட்போன்

சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்றவர்கள் போனை எடுப்பார்கள்; இவர் கை சட்டைப் பைக்குப் போகும். வண்டியை நியூட்ரலில் தள்ளி, இடது கையின் இரண்டு விரலைப் பைக்குள் விட்டு, ஒன்று, இரண்டு என்று தடவிப் பார்ப்பார். இரண்டும் இருக்கும். அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே. நடுவில் அவை எங்கே ஓடிப்போகும் என்று கேட்டால், "போகாதுதான்... ஆனா பாத்துக்கிட்டா நல்லதுதானே?" என்பார்.

பையில் இருப்பவை சாண் நீளத்துக்கு இரண்டு சிவப்பு வயர்கள், முனைகளில் கிளிப். ஆள் லிஃப்ட் மெக்கானிக். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. ஆனால் பழுது பார்க்கும்போது நகர்த்தியாக வேண்டுமே! அதற்காகக் கதவுப் பூட்டில் இந்த வயரை மாட்டி, கதவு மூடித்தான் இருக்கிறது என்று லிஃப்ட்டை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்தால் போச்சு. கதவு ஆவென்று திறந்து கிடக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும். பதினோரு வருடத்தில் இவர் ஒருமுறைகூட மறந்ததில்லை. ஆனாலும் பதினோரு வருடமாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

வயர் இருந்தால் மட்டும் நிம்மதியா? அதுவும் இல்லை. வயர் இருக்கு, சரி, மொட்டை மாடியில் மோட்டார் அறையைப் பூட்டினோமா? பூட்டினோம், அந்த மூன்றாவது போல்ட்டை இறுக்கினோமா? ஹெல்மெட்டுக்குள் வேறு யாரும் இல்லை, காற்றுச் சத்தமும் இந்தக் கேள்விகளும்தான். பாதி வழியில் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் 'யூ-டர்ன் அண்ணன்' என்றே கூப்பிடுகிறார்கள். சூப்பர்வைசர் ஒருநாள், "உனக்குச் சம்பளம் லிஃப்ட்டப் பாக்கவா, பாத்த லிஃப்ட்டயே பாக்கவாய்யா?" என்று கேட்டுவிட்டார்.

போன மாதம் பள்ளி நாடகத்தில் மகள் மரமாக நின்றாள். இவர் பாதியில் திரும்பிப் போய், ஒழுங்காக இருந்த போல்ட்டை இன்னொரு முறை இறுக்கிவிட்டு வந்து சேர்ந்தபோது, மரத்துக்கு வேஷம் கலைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏம்ப்பா, லிஃப்ட் மேலயும் கீழயும்தானே போகும்? எங்கயாச்சும் ஓடியா போயிடும்?" என்றாள் மகள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மனைவி பள்ளி அலுவலகத்தில் கிளார்க். எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிற ரகம். "காதுல பாட்டு ஓடுச்சுன்னா மண்டையில வேற எதுவும் ஓடாதுங்க. ஒரு ஹெட்போன் வாங்கிப் போட்டுக்கிட்டு வண்டிய ஓட்டுங்க" என்றாள். இவருக்கு அதிலும் பயம். பாட்டுக் கேட்டு லாரி ஹாரன் கேட்காமல் போனால்? வாரக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில் அவளே ஒரு சாயங்காலம் கடைக்குப் போய் நின்றுகொண்டு, அவர் வேலை செய்யும் கட்டடம் அதே தெருவில்தானே என்று போன் மேல் போன் போட்டாள். "இன்னும் என்ன பண்றீங்க? உடனே கிளம்பி வாங்க!"

வந்தார். வந்து கடையை ஒரு வழி பண்ணினார். எதை எடுத்துக் கொடுத்தாலும் ஹெல்மெட்டோடுதான் போட்டுப் பார்ப்பேன் என்றார். பெரிய வட்டமாகக் காதை மூடுவது ஹெல்மெட்டுக்குள் நுழையவே இல்லை. காதுக்குள் செருகுவது, ஹெல்மெட்டைக் கழற்றும்போது தெறித்துப் போய் மேஜைக்கு அடியில் விழுந்தது. ரோட்டில் காற்றடிக்குமே என்று கடையின் ஃபேன் முன்னால் ஹெல்மெட்டோடு போய் நின்றார். விற்கிற பெண்ணிடம், "தங்கச்சி, பின்னால நின்னு போன்ல ஒரு ஹாரன் போடு" என்றார். அவளும் போட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது, இவர் திரும்பவில்லை. "ஐயய்யோ, இது வேணாம்மா!" மனைவி, தனக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். காதை அடைக்காமல், காதுக்கு முன்னால் எலும்பில் ஒட்டி உட்கார்கிற ஒன்றை எடுத்து வந்தாள். "இதுல வெளிச் சத்தம் எல்லாம் கேக்கும்ண்ணே."

"உள்ள பேசுறது?"

"உள்ள யாருண்ணே பேசுறாங்க?"

அவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, மேலே ஹெல்மெட்டையும் போட்டார். ஏதோ ஒரு பழைய பாட்டு ஓடியது. ஹாரன் போட்டாள், திரும்பினார். ஃபேன் முன்னால் நின்றார், பாட்டும் கேட்டது. அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையும் தொடையோரம் சும்மா தொங்கின. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை சும்மா இருந்து மனைவி பார்த்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையே பில் போடும்மா" என்றாள்.

பாட்டு முடிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார். பழக்க தோஷம், கை பைக்குப் போனது.

ஒன்று.

மறுபடி விட்டுப் பார்த்தார். ஒன்றுதான். கட்டடத்திலிருந்து கடைக்கு, நடுவில் சிக்னலே இல்லாத ஒரே தெரு. அதனால் வழியில் எண்ணவில்லை. கிளம்பும்போது எண்ணியிருப்பார், அந்த நேரத்தில்தான் போன் வந்தது. முகம் வெளிறிப்போய்க் கட்டடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். "அண்ணே, லிஃப்ட் மெயின அணைங்க. இப்பவே. யாரையும் உள்ள விடாதீங்க!"

"பதறாதீங்க, எங்கயாச்சும் விழுந்திருக்கும். எத்தன தடவ பாத்துட்டோம்" என்றபடி மனைவியும் பணத்தைக் கட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாடிப்படியில் இருவரும் ஓடினார்கள். அவர் வேலை பார்த்த நாலாம் மாடியில், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பொத்தானை அழுத்தியபடி நின்றாள். "ரொம்ப நேரமா வரலையே, இன்னும் ரிப்பேரா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா." அவர் சாவி போட்டுக் கதவை நகர்த்தினார். லிஃப்ட் இல்லை. கீழே நாலு மாடி ஆழத்துக்கு இருட்டு. கதவுப் பூட்டில் அந்தச் சிவப்பு வயர் கவ்வியபடி இருந்தது.

அவர் அதைக் கழற்றுகிற வரைக்கும் மனைவி மூச்சு விடவில்லை. பிறகு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை.

கதவை ஐந்து முறை சோதித்து, மெயினைப் போட்டு, மேலும் கீழும் இரண்டு நடை போய் வந்து அவர் இறங்கியபோது, மனைவி வண்டியருகே டப்பாவோடு நின்றிருந்தாள்.

"அதத் திருப்பிக் குடுத்துடலாம். எனக்குப் பாட்டெல்லாம் சரிப்படாது" என்றார்.

"பாட்டு என்ன பண்ணுச்சு? நான்தான் போன் பண்ணிப் பண்ணி உங்க உயிர எடுத்தேன்."

"மறந்தது நான்தானே?"

அவள் டப்பாவைப் பிரித்து, அதை அவர் காதுக்கு முன்னால் ஒட்டவைத்து, பாட்டைப் போட்டு, ஹெல்மெட்டையும் அவளே மாட்டிவிட்டாள்.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் வண்டியை நியூட்ரலில் தள்ளி இடது கையைத் தூக்குவதற்குள், பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தாண்டி வந்தது. சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, தடவி, ஒன்று, இரண்டு என்று எண்ணியது.