ஜாதிக்காய்ச் சாறும் காலியாக வேண்டிய டிரம்மும்

உனக்கு எந்தப் பழச்சாறு பிடிக்கும் என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. உடனே பதில் சொல்லிவிடுவேன். அதுதான் என் கோளாறு. வாய் முதலில் அறிவித்துவிடும். பாவம், நாக்கு அதற்குப் பிறகு பல மாதங்கள் கட்டுப்பட்டு நடக்கும்.

கல்லூரியில் முதல் வருடம் பாகற்காயும் பச்சை ஆப்பிளும் சேர்த்து அரைத்த சாறு. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மூன்று நாள் போன தெம்பில், இனி இதுதான் என் பானம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் போனதற்கு எட்டு மாதம் குடித்தேன். அடுத்தது கேரட்டும் பாலும். அதற்குக் காரணம் என் வகுப்பில் ஒரு பெண்; அவள் அதைக் குடிப்பாள். நான் குடிக்கப் பழகி முடிப்பதற்குள் அவள் தர்பூசணிக்கு மாறிவிட்டாள். பிறகு அம்பரலாக் காயை அரைத்து, அசாம் போய் என்கிற உப்புப் புளிப்பு வற்றலை ஒன்று உள்ளே போட்டுத் தருவார்களே, அது. அதில் எனக்கு அந்த வற்றல் மட்டும்தான் பிடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்தது ஜாதிக்காய். கோலாலம்பூரிலிருந்து நண்பர்கள் வந்திருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்ததும், "பாலா ஜூஸ் குடிக்காம பினாங்குக்கு வந்தேன்னு வெளிய சொல்லிடாதீங்கடா" என்று நாலு பேருக்கும் சேர்த்து நானே ஆர்டர் கொடுத்தேன். பாலா என்றால் மலாயில் ஜாதிக்காய்; இங்கே அதன் பச்சைக் காயின் சதையை அரைத்துச் சாறாகக் குடிப்பார்கள். அன்றைக்கு அவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் அதுதான் முதல் மிடறு. தைலப் புட்டியைத் திறந்து அதில் சர்க்கரை போட்டது போல இருந்தது. "பிரமாதம் இல்ல?" என்றேன்.

உண்மை வேறு. எனக்குப் பிடித்தது ஆரஞ்சுக் கோர்டியல். பழம் எதுவும் அதன் பக்கம்கூட வந்திருக்காது. பிறந்தநாள் விழாக்களில் போத்தலிலிருந்து ஊற்றி, தண்ணீரும் ஐஸும் கொட்டி, பெரிய பாத்திரத்தில் கலக்கி வைப்பார்களே, குடித்தால் நாக்கு முழுக்க மஞ்சளாகுமே, அதுதான். பட்டம் வாங்கி, பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க வரைபடம் போட்டு மற்றவர்களுக்கு விளக்குகிற ஒருவன் இதை எப்படி வெளியே சொல்வான்?

இந்த இரட்டை வாழ்க்கை யாருக்கும் தொல்லையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அக்காவின் தண்ணீர்ப் பந்தலில் நான் மூக்கை நுழைக்கும்வரை.

அக்கா என்று நாங்கள் கூப்பிடுபவர் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடி. அவர் கணவர், எங்களுக்கு அண்ணன், துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒருநாள் சாமான் அடுக்கு சரிந்து அவர் இடது காலில் விழுந்தது. இனி நடப்பது கடினம் என்றார்கள். அப்போது அக்கா வேண்டிக்கொண்டார்: இவர் எழுந்து நடந்துவிட்டால் ஐந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பேன். அண்ணன் நடந்தார். லேசாகச் சாய்ந்துதான், ஆனால் நடந்தார். அந்த வருடத்திலிருந்து எங்கள் மாடிக்காரர்கள் எல்லாரும் அக்காவோடு பந்தலில் நிற்கத் தொடங்கினோம். நீல டிரம் நிறைய ரோஜா சிரப். அண்ணன்தான் கலக்குவார்.

அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். கொடுப்பதற்கென்று கலக்கியது வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது, சாக்கடைக்கும் போகக்கூடாது. டிரம் காலியானால்தான் அந்த வருடம் கணக்கில் சேரும்.

நான்கு வருடம் மதியத்துக்குள் காலியானது. நான்காவது வருடம் கப்புகளை அடுக்கிக்கொண்டே நான் சொன்னேன்: "ஏங்க்கா, ஒவ்வொரு வருஷமும் சிரப்பா? வெறும் சீனியும் சாயமும்லா. பினாங்குல இவ்ளோ பழம் இருக்கு."

சொல்லிவிட்டு மறந்தும் போனேன். அக்கா மறக்கவில்லை. ஐந்தாம் வருடம் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது கடைசி வருஷம். முடிஞ்சதும் நாங்க சிம்பாங் அம்பாட் புது வீட்டுக்குப் போறோம். இந்தத் தடவை என்ன ஜூஸுன்னு நீயே பாத்துக்க. ஆனா டிரம் காலியாவணும்."

"காலியாவாம என்னக்கா!" என்றேன். வாய், வழக்கம்போல.

நான் காரியத்தை விஞ்ஞான முறையில் அணுகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கீழே கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு, ஐந்து வகைச் சாறு, சின்னச் சின்னக் கப்புகள், மதிப்பெண் போட ஆளுக்கொரு தாள். மாடிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், குடித்தார்கள், தாளை விசிறியாக்கிக்கொண்டார்கள். வாயால் கேட்டால், "எல்லாமே நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்கள். ஜாதிக்காய்ச் சாற்றை ஒருவர் பூந்தொட்டியில் ஊற்றியதை நான் பார்த்தேன். செடிகளின் மேல் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

எப்படியோ கெஞ்சி வாங்கிய ஓட்டுகளில் தர்பூசணிதான் முதலிடம். அதை நான் ஏற்கவில்லை. தர்பூசணியைச் சொல்பவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். பிறகு கணினியில் உட்கார்ந்து, மதிப்பெண் அட்டவணையில் 'மண்ணின் பெருமை' என்று ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, அதற்கு இரட்டை மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன். ஜாதிக்காய் ஜெயித்தது. அதற்கு விழுந்தவை இரண்டே ஓட்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று அண்ணனுடையது. அவர் பிற்பாடு சொன்னார், "நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னியா, வேற என்னா சொல்றது?"

பாலிக் புலாவ் பக்கம் போய்க் கூடை கூடையாகக் காய் வாங்கி வந்தேன். தைப்பூசத்தன்று காலை ஆறேழு பேர் சேர்ந்து தோல் சீவி, அரைத்து, துணியில் பிழிந்தோம். டிரம்மில் ஊற்றியபோது வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. நான் எழுதி வைத்த பலகை அதைவிட அழகு: 'பினாங்கின் பெருமை! ஜாதிக்காய்ச் சாறு!' கீழே அதன் மருத்துவக் குணங்கள், ஒன்பது.

வெட்டி வைத்த ஆப்பிள் கறுக்கும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஜாதிக்காயும் அப்படித்தான் என்பது எனக்குப் பத்து மணிக்குத் தெரிந்தது. டிரம்முக்குள் மழைக்குப் பிறகான கால்வாய் நிறம்.

வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்த ஒரு பெரியம்மா கப்பை வாங்கினார். முகர்ந்தார். பலகையைப் படித்தார். மறுபடி முகர்ந்தார்.

"தம்பி, இது குடிக்கவா, கால்ல தேய்க்கவா?"

"குடிக்கத்தாம்மா. செரிமானத்துக்கு ரொம்ப நல்லது."

"நான் இன்னும் ஒண்ணுமே சாப்பிடலயே ஐயா" என்று கப்பை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டுப் பக்கத்துப் பந்தலுக்குப் போனார்.

பக்கத்துப் பந்தலில் சிரப். சப்ஜா விதை மிதக்கும் இளஞ்சிவப்பு சிரப். அதை நடத்திய அங்கிள் தொப்பையும் ஒலிவாங்கியுமாக நின்று, "வாங்க வாங்க, ஜில்லுனு சிரப், ரெண்டு கப்பு கூடக் குடிக்கலாம், போலே, போலே!" என்று மலாயும் கலந்து அழைத்துக்கொண்டிருந்தார். வரிசை எங்கள் பந்தலை மறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் முன்னால் நின்றவர்களெல்லாம் அந்த வரிசையின் வால்.

பன்னிரண்டு மணிக்கு டிரம்மில் கால்வாசிகூடக் குறையவில்லை. அக்கா ஐந்து நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பார்த்து மூடினார். அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் இன்னும் சத்தமாக மருத்துவக் குணங்களை வாசித்தேன். ஆறாவது குணத்தில் தொண்டை வறண்டது. பக்கத்திலேயே டிரம் இருந்தது. ஆனால் ஒரு மனிதனால் எவ்வளவுதான் முடியும்?

"கப்பு தீரப்போவுது, வாங்கிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, எங்கள் குழுவின் பெயர் போட்ட டீ-சட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பக்கத்துப் பந்தல் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் லேசாக இடப்பக்கம் சாய்ந்து நின்றார். அவர் தோளிலும் துண்டு. அந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.

"அண்ணே! கால் வலிக்குது, உக்காரப் போறேன்னு சொன்னீங்க?"

அண்ணன் திரும்பவில்லை. "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு லா" என்றார் முன்னால் பார்த்தபடியே. வரிசையில் ஓரடி நகர்ந்துவிட்டு, "நீ?"

"கப்பு வாங்க."

"ம். நல்ல கப்பு கிடைக்கும் இங்க."

எங்கள் முறை வந்தபோது அண்ணனின் துண்டு நழுவியது. அங்கிள் அவர் சட்டையைப் படித்தார், என் துண்டைப் பார்த்தார், ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். சாலை முழுக்கக் கேட்டது:

"பக்கத்துப் பந்தல் ஆளுங்களுக்கும் சிரப் உண்டு! வெக்கப்படாம வாங்க!"

அப்படியும் நான் அந்தக் கப்பைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

பந்தலுக்குத் திரும்பினால் அக்கா கைகட்டி நின்றார். "எனக்கு ஒண்ணு எடுத்துட்டு வரத் தோணலியா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். சிரிக்கத்தான் முயன்றார். பிறகு மூடியைத் திறந்தார். "இது காலியாவாது தம்பி. அஞ்சு வருஷம்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். நாலோட நிக்குது."

அண்ணன் தன் இடது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அந்தக் காலுக்கு நன்றி சொல்ல வந்த இடத்தில், என் இரட்டை மதிப்பெண் பத்தி உட்கார்ந்திருந்தது.

நான் மறுபடி பக்கத்துப் பந்தலுக்குப் போனேன். இந்த முறை துண்டில்லாமல்.

"அங்கிள், கொஞ்சம் சிரப் போத்தல் வேணும். எங்க டிரம்முல கலக்க. இன்னிக்கு அது காலியாகணும், அக்காவோட வேண்டுதல். நான்தான் கெடுத்துட்டேன்."

அவர் ஒலிவாங்கியை அணைத்தார். அதற்கே நான் நன்றி சொல்லியிருப்பேன். "மொத உன் ஜூஸ ஒரு கப்பு கொண்டா" என்றார். கொண்டுபோனேன். கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரமானது.

"தம்பி, மூட்டுவலிக்கு இத்தன நாளா இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டி சிரப்பைக் காலால் என் பக்கம் தள்ளினார். சப்ஜா விதையும் ஐஸும் அவரே ஆள்விட்டு அனுப்பினார்.

அண்ணன் துடுப்பை எடுத்துக் கலக்கினார். கால்வாய் நிறம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பானது. அக்கா சுவைத்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். "பலகையத் திருப்பு தம்பி" என்றார். திருப்பினேன். பின்பக்கத்தில் அண்ணன் கரிக்கட்டை போன்ற எழுத்தில் எழுதினார்: 'ஜில் தண்ணி'. ஒன்பது மருத்துவக் குணங்களும் தரையைப் பார்த்தன.

பக்கத்து வரிசையின் வால் எங்கள் பக்கம் திரும்பியது. யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஒரு சீன அம்மா மட்டும் ஒரு மிடறு குடித்து, "இதுல பாலா இருக்கா?" என்று மலாயில் கேட்டு, முகம் மலர்ந்து இன்னொரு கப் எடுத்துக்கொண்டார். நான் பாய்ந்து போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குள் கூட்டம் அந்த அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. என் கட்சியின் ஒரே சாட்சி.

நாலரை மணிக்கு அகப்பை டிரம்மின் அடியில் இடித்தது. கடைசிக் கப்பை அக்கா எடுத்துப் பாதி குடித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். அவர் குடித்துவிட்டு, யார் உதவியையும் வாங்காமல், இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, டிரம்மைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. அக்கா கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்பயாவது உண்மையச் சொல்லு. உனக்கு அந்த ஜாதிக்காய் பிடிக்குமா?"

"இல்லக்கா."

"அப்ப எதுதான் பிடிக்கும்?"

இந்த முறை யோசித்தேன். யோசித்தும் அதே பதில்தான் வந்தது. "ஆரஞ்சுக் கோர்டியல்."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பந்தல் அங்கிள் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி! ரெண்டு போத்தல் வீட்ல கெடக்குதுலா!" என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து சிம்பாங் அம்பாட்டில் அவர்கள் புது வீட்டுப் புகுவிழா. அண்ணன்தான் தட்டை ஏந்திக்கொண்டு கூடம் முழுக்க நடந்து நடந்து கொடுத்தார். எல்லாருக்கும் தர்பூசணிச் சாறு. தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கப் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அதை என் முன் வைத்துவிட்டு அடுத்தவர் பக்கம் நகர்ந்தார்.

ஒரு வாய் குடித்தேன். நாக்கு இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னோடு ஒத்துப்போனது. அந்தச் சந்தோஷத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க கோர்டியலை ஐஸ் இல்லாம குடிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன்.