விரிப்பின் மூலை

திருவனந்தபுரத்தில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய சொகுசு ஹோட்டல். இரண்டு நாள் தங்க அம்மாவை அழைத்து வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து நாற்காலி நுனியிலேயே உட்காருகிறாள்.

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் படுக்கையைச் சரிசெய்துவிட்டாள்.

"இங்கயும் வந்து இதச் செய்யணுமாம்மா?" எனக்கு எரிச்சல்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த சுனிதா, விரிப்பின் மூலை மடிப்பைத் தடவிப் பார்க்கிறாள்.

"இது கெஸ்ட் செஞ்ச வேலை இல்லியே. எந்த ஹோட்டல்ல ஜோலிக்கு நின்னீங்க, சேச்சி?"

"கோவளத்துல ஒண்ணுல. ரூம் வேலைதான், இருபத்திரெண்டு வருஷம்."

இதை அம்மா வெளியாளிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சுனிதா அந்த மடிப்பை மொபைலில் படமெடுக்கிறாள். "புதுசா வந்த பிள்ளைங்களுக்குக் காட்டணும், கேட்டீங்களா."

அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள்.

"ரெண்டு காபி கொண்டுவரச் சொல்லு" என்கிறாள் என்னிடம்.