சிகாகோவிலிருந்து வராத டோரீன்

போர்ச்சுகலின் கடற்கரை ஊரான மத்தோசின்யோஸில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே டிஸ்கோ திறந்திருந்த காலம் அது. பூசைக்குப் போய்வந்து, சுட்ட மத்தி மீனைத் தின்றுவிட்டு, அம்மா தேய்த்துக் கொடுத்த சட்டையோடு வருவார்கள். வியர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு ராத்திரி சூப்புக்கு வீடு திரும்பிவிடுவார்கள். அவர்களை ஆட்டிவைத்த டி.ஜே. வால்டெமாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தான் போடும் பாட்டு எதுவென்று போட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று, இசைத்தட்டின் நடுவில் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவைப்பான். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான்.

ஆடுவதற்குப் பாட்டுப் போடுவது ஒன்று, சொந்தமாகப் பாட்டுச் செய்வது இன்னொன்று. உள்ளூர் மாடு விலை போகாது அல்லவா? இசைத்தட்டுக் கடையில் அமெரிக்காவிலிருந்து வந்தவற்றுக்கு வாசலிலேயே அலமாரி. சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசையைப் போர்ச்சுகலில் செய்தால், அதற்குக் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை. கடைக்குப் போனால் வால்டெமார் அந்த மூலைப் பக்கமே திரும்ப மாட்டான்.

அவன் செய்த முதல் பாட்டுக்குக் குரல் கொடுத்தவள் ஒத்தீலியா. அதே தெருக்காரி. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. இயந்திர இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடியே தொண்டை திறந்தவள். அவன் வீட்டுக் குளியலறையில் எதிரொலி அடங்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டு அவளை உள்ளே நிறுத்தினான்.

"இந்த இங்கிலீஷுக்கு என்னடா அர்த்தம்?"

"எனக்கென்ன தெரியும்? கேக்க நல்லா இருக்குல்ல, பாடு."

"என் மேல மீன் நாத்தம் அடிக்குதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்காத. அப்புறம் சிரிப்புதான் வரும்."

"குரல்ல நாத்தம் இல்லயே, அது போதும்."

பாடினாள். வால்டெமாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கே அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டியவன், ஒலிவாங்கியைத் துடைத்துக்கொண்டு நின்றான். மடையன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தட்டு மேல என் பேரு இருக்கணும். பொடி எழுத்துல இருந்தாலும் சரி. நான் டிஸ்கோவுக்கு ஊர் சுத்தப் போறேன்னு அப்பா தெனமும் திட்டுறாரு. அவருகிட்ட காட்டணும்."

"போடாம இருப்பேனா?"

போடவில்லை. லிஸ்பனில் அச்சடிக்கக் கொடுத்திருந்த தட்டுகள் வந்து இறங்கின அன்று அந்தக் கழிவறை மூலை அவன் கண்முன் வந்து நின்றது. 'போர்ச்சுகலில் செய்தது' என்ற வரியை ஒவ்வொரு தட்டிலும் பிளேடால் சுரண்டினான். அதற்கு மேலே 'டோரீன் ரே, சிகாகோ' என்று முத்திரை குத்தினான். விமானத்தில் வேலை பார்க்கும் நண்பன் கொண்டுவந்த சரக்கு என்று கடைக்காரரிடம் சொல்லி, வாசல் அலமாரியில் வைக்கச் செய்தான். அந்த ஞாயிறு அவன் காகிதம் ஒட்டவில்லை. போட்டிக்காரர்கள் எட்டிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். அவர்களும் பார்த்தார்கள், கடைக்கு ஓடினார்கள்.

ஒத்தீலியாவும் பார்த்தாள்.

"எங்கடா என் பேரு?"

"அடுத்த தடவ போடுறேன், சத்தியமா. இப்ப சொன்னா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"டோரீன்னா யாரு?"

"யாருமில்ல."

"இல்லாதவ பேரப் போடத் தெரியுது உனக்கு."

வானொலியில் பாட்டு ஓடாத நாள் இல்லை. தொழிற்சாலையில் பெண்கள் மீன் தலையைக் கிள்ளிக்கொண்டே அதை முணுமுணுத்தார்கள். பாடியது நான்தான் என்று ஒத்தீலியா சொன்னபோது, "அப்ப நான்தான் இங்கிலாந்து ராணி" என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. வீட்டில் அப்பா சிரிக்கவில்லை. "ஊர் சுத்துனது போதாதுன்னு பொய் வேறயா?" என்று கையை ஓங்கினார். அடுத்த கோடையில் அவள் லக்ஸம்பர்க்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

வால்டெமார் வளர்ந்தான். ஆம்ஸ்டர்டாமிலும் இபிசாவிலும் பாட்டுப் போடக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அமெரிக்கப் பெயர், ஒரு புதுக் குரல். எதைக் கேட்டாலும் குளியலறையில் கேட்டது அதில் இல்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். காலம் மாறி, போர்ச்சுகீசியப் பெயருக்கே மவுசு வந்தபோது அவனுக்கு அறுபதை நெருங்கிவிட்டது. இளைஞர்கள் வந்து, "டோரீன் ரே கூட வேலை பார்த்தீங்களாமே, எப்படிப்பட்ட பொம்பள?" என்று கேட்டார்கள்.

பழைய பாட்டை மறுபடியும் தட்டாகப் போட்டான். இந்தத் தடவை ஒத்தீலியாவின் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் ஆகஸ்ட் மாதத்தில், அவளுடைய தங்கை வீட்டு முற்றத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனான். ஒத்தீலியா மீன் சுடும் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள்.

"அழகா இருக்கு" என்றாள்.

"மன்னிச்சுடு ஒத்தீலியா. அன்னிக்கே தட்டுல போட்டிருக்கணும். கடையில போகாதுன்னு பயந்துட்டேன்."

"தட்டுல போட்டா விக்காதுதான், அது எனக்கும் தெரியும்." அவள் மீனைப் புரட்டிப் போட்டாள். "ஆனா எங்க வீடு உங்க வீட்டுலேருந்து நாலு வாசல் தள்ளித்தானே இருந்துச்சு. யாருக்கும் தெரியாம வந்து, எங்கப்பா காதுல மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அந்த மனுசன் கடைசி வரைக்கும் என்னப் பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

இத்தனை வருடத்தில் வால்டெமாருக்கு அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.