பாதியில் நின்ற முள்

வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் அவரை எல்லோரும் டெஸ்ட் லைட் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் சுற்றிய குட்டி பல்பு ஒன்று எட்டிப் பார்க்கும். ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் செய்த உதவியை மட்டும் சொல்லிக்காட்ட மாட்டார். மாப்பிள்ளையின் பழைய ஜீப்புக்கு அவர் புது பேட்டரி போட்டது, வண்டி சாவியைத் திருப்பியதுமே கிளம்பிய பிறகுதான் மகளுக்கே தெரிந்தது.

ஒரு பிடிவாதமும் உண்டு. டீசல் மீட்டர் மாற்றினால், டேங்க்குக்குள் டீசலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவையை வெளியே எடுத்து, கையால் தூக்கியும் இறக்கியும் முள் இரண்டு கோடிக்கும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார். அவசரப்படுத்தினால், "நடுரோட்டுல நிக்கப்போறது நீயா, நானா?" என்று ஒரே போடாகப் போடுவார்.

அன்று காலை மாப்பிள்ளையின் ஜீப்பிலேயே மீட்டர் செத்துக் கிடந்தது. மகள் கைக்குழந்தையோடு கிளம்பி நின்றாள். மதியத்துக்கு மேல் உப்பளச் சாலை. கடைசி பங்க்கைத் தாண்டினால் மனித வாடையே கிடையாது, போனும் எடுக்காது. டெஸ்ட் லைட் கையில் கிடைத்த வேறொரு கம்பெனி மீட்டரைப் பொருத்தினார். மிதவையின் திருகுகள் துருவேறி அசைய மறுத்தன.

"மாமா, வெயில் ஏறிடும்..." என்று இழுத்தார் பைகளை ஏற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை. வண்டியைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாதவர்.

டெஸ்ட் லைட் டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பாதி டீசல். சாவியைத் திருப்பினார். முள்ளும் எழுந்து நட்டநடுவில் நின்றது. ஊரான் வண்டி என்றால் விட்டிருக்க மாட்டார். நம்ம வீட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டார்.

மதியம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, உங்க குசும்பு போகாதே! டேங்க்க ரொப்பிட்டு வாயே தொறக்கலையே!"

"நான் எங்கம்மா ரொப்பினேன்?"

"நடிக்காதீங்க. காலையில முள்ளு பாதியில நின்னுச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஏறி இப்ப ஃபுல்ல நிக்குது. புது மீட்டர், மெதுவாத்தான் நிலைக்கு வரும்னு அவர் சொல்றார். அதான் கடைசி பங்க்குல நிக்காமலே வந்துட்டோம். ரொம்ப தேங்க்ஸ்ப்பா..."

"திரும்பும்மா! வண்டியத் திருப்பச் சொல்லு!"

லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

இந்த மீட்டர் அந்த மிதவைக்குத் தலைகீழ். டீசல் குறையக் குறைய முள் ஏறும். பாதி டேங்க்கில் மட்டும் நேரும் தலைகீழும் ஒன்றாகத் தெரியும். இவர் பார்த்தது அந்தப் பாதியை. டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால் வேறு யாராவது வந்து ஊற்றினாலும் ஜீப் கிளம்பாது. அந்தக் காற்றை எடுக்க மாப்பிள்ளைக்குத் தெரியாது. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் மகள் வாய் நிறைய நன்றி சொன்னது, அவர் செய்யாத உதவிக்கு.

டீசல் கேன்களையும் ஸ்பேனரையும் அள்ளிக்கொண்டு எதிரில் நின்ற வேனில் ஏறினார்.

"எது வரைக்கும்ணே?" என்றான் டிரைவர்.

"அவங்க நிக்கற எடம் வரைக்கும். எடுப்பா."