பொய்யாய்ப் போட்ட பன்னிரண்டு

விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. வாயையும் திறக்கமாட்டாள், அறைக் கதவையும் திறக்கமாட்டாள். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதலாண்டு. அம்மா தொலைபேசியில், "ஃப்ரெண்ட்ஸ் யாராவது கெடச்சாங்களாடி?" என்று கேட்டால், "நெறைய பேரும்மா" என்பாள். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் போனால் வாசல் கடையில் விலை கேட்டு ஒரு பேனா வாங்கி வருவாள், தொண்டையில் குரல் இருக்கிறதா என்று பார்க்க. மேசை இழுப்பறையில் ஒன்பது பேனா சேர்ந்த பிறகுதான், நூலகத்துக்குப் பின்னால் இருந்த ஆலோசனை மையத்துக்குப் போனாள்.

அங்கே செவ்வாய்தோறும் ஒன்பது நாற்காலி வட்டமாகப் போட்டிருக்கும். தனிமையில் தவிக்கிற எட்டு மாணவர்கள், நடத்துவதற்கு ஓர் ஆலோசகர் அக்கா. பேசலாம், சும்மாவும் இருக்கலாம். ஆனால் தொடங்குமுன் பத்துக் கேள்வி உள்ள தாளை நிரப்ப வேண்டும்: தூக்கம் வந்ததா, நெஞ்சு படபடத்ததா, நமக்கு யாருமில்லை என்று தோன்றியதா. எல்லாவற்றையும் கூட்டினால் மன அழுத்தத்தின் அளவு வரும்; அதை வட்டத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். உச்சம் நாற்பது. பூட்டுக்கு முதல் வாரம் முப்பத்து நான்கு.

அதே நாளில் சேர்ந்த இன்னொருத்திக்கு முப்பத்து மூன்று. முதல் வாரம் அழுதே தீர்த்தாள். இரண்டாம் வாரம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. ரேடியோ என்று பெயர் வந்தது. மூன்றாம் வாரம் அவளுக்கு இருபத்தைந்து, ஐந்தாம் வாரம் பதினெட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். "படுத்ததும் தூங்கிட்டேன்க்கா" என்று அவள் சிரித்தபோது பூட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரே நாளில் காய்ச்சல் வந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் எப்படி விடும்? இவளுக்கு முப்பதிலேயே நின்றது.

உண்மையில் பூட்டுக்கு மூச்சு வந்ததே அந்த வட்டத்தில்தான். செவ்வாய் வரும் என்றுதான் திங்களைத் தாண்டினாள். பேனா வாங்குவதும் நின்றுபோயிருந்தது. அதெல்லாம் கண்ணில் பட்டதா என்ன? பொறாமை பிடித்த கண்ணுக்கு அடுத்தவள் தாள்தான் தெரியும்.

ஆறாம் வாரம் தன் தாளில் கூசாமல் பொய் எழுதினாள். மொத்தம் பன்னிரண்டு. ரேடியோவுக்குப் பதினான்கு. இந்த முறை பெரிய கைதட்டல் பூட்டுக்கு. ரேடியோவின் முகம் சுருங்கியதைப் பார்க்க அப்படி இனித்தது. ருசி விடுமா, ஏழாம் வாரம் பதினொன்று போட்டாள். ரேடியோவுக்குப் பதின்மூன்று.

அன்று முடிவில் அக்கா எழுந்தார். "மொத நாளே சொன்னேன்ல? ரெண்டு வாரம் தொடர்ந்து பதினஞ்சுக்குக் கீழ வந்தவங்க எடத்த, காத்திருக்கிறவங்களுக்குக் கொடுத்துடணும். இன்னிக்கு இவங்க ரெண்டு பேரும் கெளம்புறாங்க."

ரேடியோவையும் பூட்டையும் காட்டினார். முதல் நாள் பூட்டு குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். செவ்வாய் இல்லாத வாரத்தை நினைத்தாள். பத்தாவது பேனாவை நினைத்தாள்.

"அக்கா, நான் எழுதினது பொய்." பூட்டு எழுந்து நின்றாள். "அவளுக்குக் கொறையுது, எனக்குக் கொறையலையேன்னு பொறாமையில எழுதிட்டேன். எனக்கு இன்னும் சரியா தூக்கம் வரலக்கா. என்னை அனுப்பிடாதீங்க."

வந்த நாள் முதல் அவள் இவ்வளவு பேசியதில்லை. அக்கா திட்டவில்லை, புதுத் தாள் ஒன்றை நீட்டினார். மறைக்காமல் எழுதிக் கூட்டியபோது இருபத்தாறு வந்தது. யாரும் கைதட்டவில்லை.

"முப்பதுலேருந்து நெஜமாவே நாலு கொறஞ்சிருக்கு. அடுத்த செவ்வாய் வந்துடும்மா" என்றார் அக்கா.

ரேடியோ பையை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். பூட்டின் நாற்காலியை விட்டு அவள் கண் நகரவில்லை.

"கொடுத்து வச்சவடி நீ" என்றாள். "செவ்வாக்கெழம நான் எங்க போவேன்?"

பூட்டுக்கு உள்ளுக்குள் ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. பிறகு சொன்னாள்: "ஆறு மணிக்கு முடிஞ்சிடும். வாசல்லயே நில்லு, நான் வந்துடுறேன்."